பாலம் வரையக் கற்றுத்தரும் ஐந்து நாள் வகுப்பு: எது தேறுகிறது, எது தேறவில்லை

பாலம் ஒன்று வரையச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு மலை, நடுவில் ஆறு, மேலே ஒரு வளைகோடு, அதன்மேல் ஒரு கார் என்று முடித்துவிடுவார்கள். கருங்கல்பாளையத்திலிருந்து தினமும் காவிரியைத் தாண்டிப் பள்ளிப்பாளையம் போய்வரும் பிள்ளையும் அதைத்தான் வரையும். அது பாலத்தை மேலிருந்தே பார்த்திருக்கிறது. பஸ் ஜன்னலில் தெரிவது கைப்பிடிச் சுவரும் தண்ணீரும் மட்டும்தான். எடையைத் தாங்குகிற பாகம் அத்தனையும் சக்கரத்துக்குக் கீழே இருக்கிறது.

ஈரோட்டில் பள்ளி விடுமுறைகளில் நடக்கும் இந்த வகுப்பு சரியாக அந்த இடத்தில் கை வைக்கிறது. ஊர்ப் பாலங்களை நேரில் போய் அளந்து, அளவுக்கு வரைந்து, மாதிரி செய்து, அவை எப்படி நிற்கின்றன என்று ஐந்து நாளில் சொல்லித் தருகிறார்கள். 4-ஆம் வகுப்பு முதல் 9-ஆம் வகுப்பு வரை சேரலாம். ஒரு குழுவுக்கு 20 பிள்ளைகள், சொல்லித்தர இரண்டு பேர், காலை 9:30 முதல் 1 மணி வரை. கட்டணம் 2,400 ரூபாய். பொருள் பெட்டிக்குத் தனியாக 650. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: முதல் மூன்று நாளுக்கே கொடுத்த காசு தகும். நான்காம் நாள் அவசரத்தில் கெடுகிறது. ஐந்தாம் நாளை அடியோடு மாற்ற வேண்டும். பெட்டி வேண்டாம்.

முதல் நாள் பென்சிலைத் தொடவே விடுவதில்லை. அது நல்ல யோசனை. ஒரு ஐஸ் குச்சியை இரண்டு புத்தகத்துக்கு நடுவே படுக்கவைத்து விரலால் அழுத்தச் சொல்கிறார்கள். வளைகிறது. அதே குச்சியை விளிம்பில் நிற்கவைத்து அழுத்தினால் அசையவே மாட்டேன் என்கிறது. கடையில் கிடைக்கும் குச்சி சுமார் 10 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன். வளையாமல் நிற்கும் திறன் அகலத்தோடு நேராகவும், உயரத்தோடு மும்மடியாகவும் கூடும். படுத்த குச்சிக்கு 10 × 2 × 2 × 2 = 80. நின்ற குச்சிக்கு 2 × 10 × 10 × 10 = 2,000. அதே குச்சி, 25 மடங்கு விறைப்பு. ஆறாம் வகுப்புப் பிள்ளை இந்தப் பெருக்கலைத் தானே போட்டுப் பார்த்துவிட்டால், பாலத்துக் கர்டர் (ரோட்டைத் தாங்கும் நீள உத்தரம்) ஏன் ஒல்லியாகவும் உயரமாகவும் இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கணக்கைப் பிள்ளைகளையே போட வைக்கிறார்கள் என்பதற்காகவே முதல் நாளுக்கு முழு மதிப்பெண்.

அடுத்து ஸ்பாஞ்ச். சமையலறைப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் பக்கவாட்டில் மார்க்கரால் 1 செ.மீ. இடைவெளியில் செங்குத்துக் கோடுகள் போட்டு, நடுப்பகுதி கீழே இறங்கும்படி வளைத்தால், மேலே கோடுகள் நெருங்குகின்றன, கீழே விலகுகின்றன. மேலே அமுக்கவிசை, கீழே இழுவிசை. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுப்பைத் தாங்கும். அதனால்தான் இரண்டு பக்கமும் ஊன்றிய ஸ்லாபில் முக்கியக் கம்பி அடிப்பக்கம் போகிறது. இங்கே வகுப்பின் கையேட்டில் ஒரு தவறு இருக்கிறது, கட்டாயம் திருத்த வேண்டும்: உத்தரத்தின் குறுக்குவெட்டுப் படத்தில் கம்பிகளை நட்டநடுவில் வரைந்திருக்கிறார்கள். நடுவில் இழுப்பும் இல்லை, அமுக்கமும் இல்லை. அங்கே கம்பி வைப்பது ஏறக்குறைய வீண். அதே பக்கத்தில் வீட்டுச் சன்ஷேடையும் சேர்த்திருந்தால் பாடம் முழுமையாகியிருக்கும். சன்ஷேட் ஒரு பக்கம் மட்டும் சுவரைப் பிடித்து நிற்பதால் இழுப்பு மேல்பக்கம் வரும், கம்பியும் மேலே போக வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் கம்பிமேல் ஏறி மிதித்து அது கீழே இறங்கிவிட்டால், அடியில் தாங்கிய சென்டரிங் பலகையைப் பிரித்ததும் சன்ஷேட் தொங்கும். கட்டட வேலை நடக்காத தெரு கொங்கு நாட்டில் எங்கே இருக்கிறது? பிள்ளைகள் நேரில் பார்க்கக்கூடிய பாடம் இது.

இரண்டாம் நாள்தான் இந்த வகுப்பின் உயிர். கீழ்பவானி வாய்க்காலின் மேல் போகும் ஒரு சிறிய ஸ்லாப் பாலத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார்கள். காவிரிப் பாலம், மேம்பாலம் என்று பெரிதாகத் தொடங்காமல் சின்னப் பாலத்தைத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனம். ஒரே கண் (இரண்டு தாங்கிகளுக்கு நடுவே உள்ள திறப்பு), இரண்டு பக்கச் சுவர், மேலே ஒரு ஸ்லாப். எல்லாம் கைக்கு எட்டும் உயரம். டேப் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை போகும்.

எந்த விடுமுறையில் சேர்ப்பது என்று கேட்பவர்களுக்கு: கோடைக் குழுவில் சேருங்கள். மே மாதத்தில் வாய்க்கால் பெரும்பாலும் வறண்டு கிடக்கும். பிள்ளைகள் உள்ளே இறங்கி ஸ்லாபின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்க்கலாம். ஆகஸ்டில் பாசனத்துக்குத் திறந்துவிட்டால் காலாண்டு விடுமுறையில் கரையில் நின்று பார்ப்பதோடு சரி. தண்ணீர் ஓடும் வாய்க்காலில் பிள்ளைகளை இறக்கவே கூடாது. வகுப்பிலும் இறக்குவதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் இறங்காமல் போனால் இந்த நாளின் பாதி போய்விடுகிறது.

அளக்கும் முறை நன்றாக அமைந்திருக்கிறது. நான்கு பேருக்கு ஒரு குழு. 30 மீட்டர் டேப், ஒரு தூக்குக்குண்டு, மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய 10 மீட்டர் ட்யூப் லெவல், அட்டையில் சொருகிய கட்டம் போட்ட தாள். டேப்பை இழுத்துப் பிடிக்காமல் தொங்கவிட்டால் நீளம் கூடுதலாகக் காட்டும். இதை ஒருமுறை தவறாக அளக்கவிட்டு, பிறகு இழுத்துப் பிடித்து அளக்கச் சொல்லி, வித்தியாசத்தை எழுத வைக்கிறார்கள். ட்யூப் லெவலில்தான் அதிகத் தவறு நடக்கிறது. கொத்தனார் வைத்திருக்கும் அதே தெளிவான ட்யூப்தான்; உள்ளே ஒரு காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டால் இரண்டு பக்கமும் நீர்மட்டம் ஒன்றாக நிற்காது. தண்ணீரில் நாலு சொட்டு இங்க் விட்டால் குமிழ் கண்ணுக்குத் தெரியும். வகுப்பில் இங்க் விடுவதில்லை, அதனால் பாதிக் குழுக்களின் உயர அளவு தப்பிவிடுகிறது. பத்து ரூபாயில் தீரும் குறை.

எட்டாத உயரத்துக்கு நிழல் கணக்கு. ஒரு மீட்டர் குச்சியின் நிழல் 80 செ.மீ., அதே நேரத்தில் தூணின் நிழல் 4.8 மீட்டர் என்றால் தூண் 6 மீட்டர். நிழல் விழும் தரை மட்டமாக இருந்தால் மட்டுமே இது சரிவரும். வாய்க்கால் கரைச் சரிவில் விழும் நிழலை அளந்தால் தப்பாகத்தான் வரும். இதை இன்னும் அழுத்திச் சொல்லலாம்.

அளந்ததை வைத்து உடனே எடைக் கணக்குப் போட வைக்கிறார்கள், அங்கேதான் பிள்ளைகளின் முகம் மாறுகிறது. 6 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலம், அரை மீட்டர் தடிமன் உள்ள ஸ்லாப் என்று வையுங்கள். 22.5 கன மீட்டர். கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் இரண்டரை டன். ஆக 56 டன்னுக்கு மேல். மேலே போகும் இரண்டு அச்சு லாரிக்குச் சட்டம் அனுமதிக்கும் மொத்த எடை 18.5 டன். பாலம் லாரியைத் தூக்குவதைவிடத் தன்னையே தூக்கிக்கொள்வதுதான் பெரிய வேலை! "அப்புறம் எதுக்குங் சார் இத்தனை கெனமா கட்டறாங்க?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அதற்குப் பதில் முதல் நாள் குச்சிக் கணக்கில் இருக்கிறது. தடிமனைப் பாதியாக்கினால் எடை பாதியாகும், விறைப்பு எட்டில் ஒரு பங்காகும். சொல்லித்தருபவர்கள் பதிலை உடனே சொல்லாமல் பிள்ளைகளையே முதல் நாள் நோட்டைப் புரட்ட வைக்கிறார்கள். அருமையான பழக்கம்.

மூன்றாம் நாள் வரைபடம். ஏ3 தாள், 2எச் பென்சில் கோட்டுக்கு, எச்பி அழுத்திப் போட, 30 செ.மீ. ஸ்கேல், இரண்டு மூலைமட்டம். வாய்க்கால் பாலத்துக்கு 1:50 அளவு. 6 மீட்டர் கண் தாளில் 12 செ.மீ. வரும். பெரிய பாலமானால் 1:200. ஏ3 தாளின் 42 செ.மீ. அகலத்தில் ஓரம் விட்டு 76 மீட்டர் வரை அடங்கும். காவிரிப் பாலத்தை ஒரே தாளில் முழுதாக அடைக்க முயன்றால் 1:1000-க்குப் போக வேண்டிவரும், அதில் கைப்பிடிச் சுவர் ஒரு மில்லிமீட்டர்தான். இரண்டு கண்ணை மட்டும் பெரிதாக வரைந்து, மீதி எத்தனை கண் என்று எழுதிவிடுவது மேல்.

வரையும் வரிசை கீழிருந்து மேலே. இந்த ஒழுங்கை வகுப்பில் கறாராகப் பிடிக்கிறார்கள், பிடிக்கவும் வேண்டும். முதலில் தரைக்கோடு. பிறகு தண்ணீர் மட்டம். அடுத்து தூண்களின் மையக்கோடுகள், அளந்த இடைவெளியில், புள்ளிக்கோடாக. பிறகு தூண், தூண் தலை, பேரிங், கர்டர், ஸ்லாப், கடைசியாகக் கைப்பிடிச் சுவர். மேலிருந்து தொடங்கும் பிள்ளை அழகான ரோட்டை வரைந்துவிட்டு, மீதி இருக்கும் இடத்துக்கு ஏற்பத் தூணை நீட்டிக் குறைக்கும். பிள்ளைகள் அடிக்கடி செய்யும் இன்னொரு தவறு, தூணையும் ரோட்டையும் ஒட்டி வரைவது. உண்மையில் இடையில் ரப்பரும் இரும்புத் தகடும் அடுக்கடுக்காகச் சேர்ந்த பேரிங் இருக்கும். தாளில் அது ஒரு சின்னக் கறுப்புக் கட்டம். ஆனால் அதை வரையாத படம் பொய் சொல்கிற படம்.

பேரிங் ஏன் என்பதற்கு அவர்கள் போடும் கணக்கு நேர்த்தியானது. கான்கிரீட்டும் இரும்பும் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்குச் சுமார் 0.012 மி.மீ. நீளும். 30 மீட்டர் கர்டர், மார்கழி விடியற்காலைக்கும் சித்திரை மத்தியானத்துக்கும் 25 டிகிரி வித்தியாசம் என்றால் 30 × 25 × 0.012 = 9 மி.மீ. தூணோடு இறுக்கிக் கட்டிவிட்டால் இந்த 9 மி.மீ. விரிசலாக வெளிவரும். பாலத்தின் மேல் பஸ் போகும்போது 'டக் டக்' என்று கேட்பது இந்த நீட்சிக்கு விட்ட இணைப்பு இடைவெளிதான். இரண்டு சத்தத்துக்கு இடைப்பட்ட தூரம், அந்த இடைவெளிகளுக்கு நடுவே ரோடு எவ்வளவு தூரம் ஒரே துண்டாகப் போகிறது என்று காட்டும். பழைய பாலமானால் அது பெரும்பாலும் ஒரு கண்ணின் நீளம்.

முடிந்த படத்தில் அமுக்கத்துக்குச் சிவப்பு, இழுப்புக்கு நீலம் என்று வண்ணம் தீட்டச் சொல்கிறார்கள். பிறகு ஒரு பஸ்ஸை வரைந்து, அதன் எடை சக்கரத்திலிருந்து ஸ்லாப், கர்டர், பேரிங், தூண், மண் என்று இறங்குவதை அம்புக்குறியாகப் போட வேண்டும். எங்கள் கணிப்பில் ஐந்து நாளிலும் தலைசிறந்த பயிற்சி இதுதான். ஆனால் அம்பு தரைக்கோட்டில் வந்து நின்றுவிடுகிறது. தரைக்குக் கீழே என்ன என்று கையேட்டில் ஒரு பக்கம்கூட இல்லை.

இது சின்னக் குறை இல்லை. ஆற்றுப் பாலத்துக்குப் பெரிய ஆபத்துகளில் ஒன்று மேலே போகும் லாரியில் இல்லை. அடியில் மண்ணை அரித்துக்கொண்டு போகும் வெள்ளத்தில் இருக்கிறது. தூணில் மோதும் நீர் கீழ்நோக்கிச் சுழன்று, முன்பக்கமும் இரு பக்கமும் குழி பறிக்கிறது. அந்தக் குழி அடித்தளத்தைத் தாண்டிவிட்டால் தூண் சாய்கிறது. மணலை அளவுக்கு மீறி அள்ளிய ஆற்றில் ஆற்றுப்படுகையே இறங்கிவிடுவதால், குழி இன்னும் சீக்கிரம் அடித்தளத்தைத் தொடும். பவானி, ஈரோடு பக்கம் காவிரியில் பாறை தலைகாட்டுகிறது. பாறைமேல் உட்கார்ந்த தூணுக்கு இந்தப் பயம் குறைவு. கீழே கரூரைத் தாண்டி அகண்ட காவிரிக்குப் போனால் மணல். மணல் ஆழமான ஆற்றில் கிணறு அடித்தளம் போடுவது நம் நாட்டுப் பழக்கம்: பெரிய வட்ட உறையை மேலே கட்டி, உள்ளேயிருந்து மண்ணை அள்ள அள்ள அது தன் எடையிலேயே இறங்கும். தோட்டத்தில் உறை இறக்கிக் கிணறு வெட்டுவதைப் பார்த்த பிள்ளைக்கு இதை ஒரு நிமிடத்தில் புரியவைத்துவிடலாம். கொங்கு நாட்டில் அப்படிப்பட்ட உதாரணத்தை விட்டுவிட்டு வகுப்பு நடத்துவது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

செய்து காட்டுவதும் எளிது. பாத்திரம் கழுவும் பிளாஸ்டிக் தொட்டி, 60 × 40 செ.மீ. அளவு போதும். சலித்த மெல்லிய ஆற்றுமணல் 8 செ.மீ. ஆழம். எம்-சாண்ட் வேண்டாம், அதன் துகள் மூலை மூலையாக ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் அரிப்பு சரியாகத் தெரியாது. 3 செ.மீ. விட்டமுள்ள பைப் துண்டு ஒன்றை 2 செ.மீ. ஆழத்தில் நட்டு, தொட்டியை லேசாகச் சாய்த்து, ஒரு பக்கமிருந்து சீராகத் தண்ணீர் விட வேண்டும். கடைசியில் வழிந்தோட ஒரு ஓட்டை. சில நிமிடத்தில் பைப்பின் முன்னால் குழி விழும், பைப் சாயும். அதையே 6 செ.மீ. ஆழத்தில் நட்டால் குழி விழும், ஆனால் நிற்கும். பிறகு சதுரக் கட்டை ஒன்றையும், மூக்குக் கூர்மையான கட்டை ஒன்றையும் பக்கத்தில் நட்டுப் பார்த்தால், பழைய பாலங்களின் தூண் ஏன் படகு மூக்குப் போல நீரோட்டத்தைப் பார்த்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு மணி நேர வேலை. ஐந்தாம் நாளில் தாராளமாக வைக்கலாம்.

நான்காம் நாள் காலையில் டிரஸ் (முக்கோணங்களாகப் பிணைத்த சட்டம்), அதன்பின் ஆர்ச் (வளைவு). இரண்டையும் மூன்றரை மணி நேரத்தில் திணிக்கிறார்கள்.

டிரஸ் பாடம் தொடங்கும் விதம் சரி. நாலு குச்சியை முனைக்கு ஒரு போல்ட் போட்டுச் சதுரமாக்கினால் கையால் தள்ளியதும் சாய்கிறது. மூன்று குச்சி முக்கோணம் சாய்வதில்லை. இதற்குப் போல்ட்தான் வேண்டும். ஃபெவிகாலில் ஒட்டிய சதுரமும் கொஞ்சம் நிற்கும் என்பதால் பாடம் புரியாமல் போகும். பிறகு சாய்வுக் குச்சிகள் முக்கோண வரிசையாக வரும் வாரன் டிரஸ், 40 செ.மீ. நீளம்: கீழே 4 குச்சி, மேலே 3, சாய்வுக் குச்சி 8, ஆக ஒரு பக்கத்துக்கு 15. மூட்டுகள் 9. மூட்டு எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி மூன்றைக் கழித்தால் 15. குச்சி எண்ணிக்கை அதற்குக் குறைந்தால் சட்டம் ஆடும். 1848-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய வடிவம் இது என்று கையேடு சொல்வது சரிதான்.

அவசரம் கெடுப்பது அடுத்த கட்டத்தில். இரண்டு பக்கச் சட்டத்தையும் குறுக்குக் குச்சியால் இணைத்து, மேலே சாய்வு பிணைப்பும் போட வேண்டும். மொத்தம் 50 குச்சி ஆகும். பசை காய ஓர் இரவு வேண்டும். நேரமில்லை என்று மேல் பிணைப்பை விட்டுவிடுகிறார்கள். மறுநாள் எடை போடும்போது பெரும்பாலான மாதிரிகள் ஒரே மாதிரி உடைகின்றன: மேல்குச்சி முறியாமல், பக்கவாட்டில் புரண்டு சாய்கிறது. அமுக்கத்தில் இருக்கும் ஒல்லிக் குச்சி நசுங்குவதற்கு முன்னாலேயே வளைந்து விலகிவிடும். பிடிப்பில்லாத நீளம் இரட்டிப்பானால் தாங்கும் எடை நாலில் ஒன்றாகும். நல்ல பாடம்தான், ஆனால் யாரும் அதைச் சொல்லவில்லை. "பசை காயலை" என்று கடந்துபோகிறார்கள். டிரஸ்ஸுக்கு மட்டும் ஒரு முழு நாள் கொடுத்தால் இந்தக் குறை தீரும். பசைக்கு ஒரு யோசனை: மரவள்ளி மாவுக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி ஒட்டினால் காகித, அட்டை வேலைக்கு நன்றாகப் பிடிக்கும், செலவும் குறைவு. குச்சி மூட்டுக்கு அது போதாது. அங்கே மரப்பசைதான், துணிக் கிளிப் போட்டு இறுக்கி.

ஆர்ச் பாடத்தில் தெர்மோகோல் கட்டைகள். உள் ஆரம் 10 செ.மீ., தடிமன் 4 செ.மீ., மொத்தம் 9 கட்டை, ஒவ்வொன்றும் 20 டிகிரி. உள் விளிம்பு 3.5 செ.மீ., வெளி விளிம்பு 4.9 செ.மீ. என்று அட்டையில் ஓர் அச்சு வெட்டிக்கொண்டு அறுக்க வேண்டும். ஒற்றைப்படை எண்ணிக்கை என்பதால் நடுவில் உச்சிக்கல் ஒன்று விழும். பசை கிடையாது. அடியில் அரைவட்ட அட்டையை முட்டுக்கொடுத்து அடுக்கி, உச்சிக்கல் வைத்ததும் அந்த அட்டையை எடுத்தால் நிற்கும், இரண்டு பக்கமும் கனமான செங்கல் இருந்தால். செங்கல்லை நகர்த்தினால் கால் விரிந்து விழும். ஆர்ச் தன் எடையைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. பக்கச் சுவர் அதைத் திருப்பித் தள்ளுகிறது. தெர்மோகோல் எடை இல்லாததால் தள்ளும் விசை சரியாகத் தெரிவதில்லை. களிமண்ணில் செய்து நிழலில் உலர்த்திய கட்டை இதைவிட நூறு மடங்கு நல்லது, அந்த வேலை ஒரு வாரம் முன்னாலேயே தொடங்க வேண்டும். சேலத்துக் கொலுசு ஒன்றை இரண்டு விரலில் தொங்கவிட்டு, அந்த வளைவைச் சுவரில் வரைந்து தலைகீழாக்கினால், தன் எடையை மட்டும் தாங்கும் ஆர்ச்சின் வடிவம் கிடைக்கும் என்பதையும் சேர்க்கலாம். தொங்கும் சங்கிலி முழுதும் இழுப்பு; கவிழ்த்தால் முழுதும் அமுக்கம்.

ஐந்தாம் நாள் போட்டி. அதிக எடை தாங்கிய பாலத்துக்குப் பரிசு. விளைவு, பசையைக் குடம் குடமாக ஊற்றிய பாலம் ஜெயிக்கிறது. அடுத்த குழுவிலாவது மூன்று மாற்றம் செய்யட்டும். தாங்கிய எடையைப் பாலத்தின் சொந்த எடையால் வகுத்து வரும் எண்ணுக்குப் பரிசு கொடுக்க வேண்டும். எடை ஏற்றும் முன்னே எங்கே உடையும் என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் வரைபடத்தில் குறித்துக் கொடுக்க வேண்டும். உடைந்தபின் உடைந்த இடத்தை மறுபடி வரைய வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் வாளியைக் கட்டித் தொங்கவிட்டு அரை லிட்டர் அரை லிட்டராக ஊற்றினால் போதும். வாளிக்கு அடியில் பழைய தலையணை ஒன்று வைத்தால் கால் தப்பும்.

650 ரூபாய்ப் பெட்டியைப் பற்றி. உள்ளே அறுத்துத் துளையிட்ட எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) துண்டுகள், எம்3 போல்ட்-நட்டு, நூல், ஆங்கிலக் குறிப்புத் தாள். படத்தில் இருப்பது கடல்மேல் தொங்கும் வெளிநாட்டுப் பாலம். துளை 4 மி.மீ., போல்ட் 3 மி.மீ.; மூட்டு தளர்வாக ஆடுவதால் பாலம் எடை ஏற்றுவதற்கு முன்பே தொய்கிறது. எம்.டி.எஃப். ஈரம் பட்டால் உப்பும். இதற்குப் பதிலாக ஸ்டேஷனரிக் கடையில் 200 ஐஸ் குச்சி, மரப்பசை, நூல்கண்டு, ஏ3 தாள் பத்து, துணிக் கிளிப் ஒரு டஜன் வாங்கினால் செலவு குறையும், வேலையும் அதிகம் நடக்கும். குச்சியில் துளை போடும்போது முனை பிளக்கும். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டால் பிளக்காது.

கையேட்டின் தமிழ் நன்றாக இருக்கிறது. கண், தூண், தரைப்பாலம், கைப்பிடிச் சுவர் என்று ஊர்ச்சொல்லையும், கர்டர், பேரிங் என்று வேலைத்தளத்தில் புழங்கும் சொல்லையும் கலந்து எழுதியிருக்கிறார்கள்.

வகுப்பு முடிந்தபின் எங்கே கூட்டிப்போகலாம் என்று கையேட்டில் இல்லை. எங்கள் வரிசை இது. முதலில் காளிங்கராயன் வாய்க்கால். 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. பவானி அருகே அணைக்கட்டில் தொடங்கி கொடுமுடிப் பக்கம்வரை சுமார் 90 கி.மீ. வளைந்து வளைந்து போகிறது. அதன் கரையோடு நடந்தால் பழையதும் புதியதுமாகச் சின்னப் பாலங்கள் அடுத்தடுத்து வரும்; ஒரே காலையில் ஐந்தாறு வகையை வரையலாம். அடுத்து கருங்கல்பாளையம் காவிரிப் பாலம். வெண்டிபாளையம் கதவணையில் தண்ணீர் தேங்கி நிற்கும் காலத்தில் தூணின் அடி தெரியாது. பராமரிப்புக்காகக் கதவணையைத் திறந்து நீரை வடிக்கும் நாட்களில் பாறையோடு தெரியும், செய்தித்தாளில் அந்த அறிவிப்பைப் பார்த்துப் போகலாம். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட செய்தி வந்தால் ஆற்றுக்குள் யாரையும் இறக்காதீர்கள்.

கோவையில் அவினாசி சாலை மேம்பாலம், 10.1 கி.மீ., 2025 அக்டோபரில் திறந்தது, ஜி.டி.நாயுடு பெயர் தாங்கியது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் துண்டு துண்டாக வார்த்து ஏற்றிய கான்கிரீட்டின் இணைப்புக் கோடுகள் தெரியும். அதை நடைபாதையில் நின்று மட்டும் வரையட்டும்.

மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயில் பெரிய விருந்து. 46 கி.மீ.க்குள் 250 பாலம். சராசரியாக 184 மீட்டருக்கு ஒன்று. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் போனது. பல்சக்கரப் பகுதியில் சரிவு 12.5 மீட்டருக்கு ஒரு மீட்டர். நோட்டில் 25 செ.மீ. நீளத்துக்கு 2 செ.மீ. உயர்த்திக் கோடு போட்டால் அந்தச் சரிவு கண்ணுக்குக் கிடைக்கும். பாலம் சரிவில் நின்றாலும் தூண் நேர்க்குத்தாக நிற்பதைப் பிள்ளைகள் கவனித்து வரைய வேண்டும். பாதிப் பேர் தூணையும் சாய்த்துவிடுவார்கள். வண்டியில் உட்கார்ந்து ஜன்னல் வழியே மட்டும். ரயில் பாலத்தின் மேலும் தண்டவாளத்திலும் நடப்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

தூரம் போக முடியாதவர்களுக்கு, ஊர் பஸ்ஸில் போகும்போதே ஒரு பயிற்சி உண்டு. நெடுஞ்சாலைத் துறை ஒவ்வொரு பாலத்தின் கைப்பிடிச் சுவரிலும் 12/3 என்பது போல எண் எழுதியிருக்கும். முதல் எண் கிலோமீட்டர். இரண்டாவது, அந்தக் கிலோமீட்டரில் அது எத்தனையாவது பாலம் என்பது. பள்ளிக்கூடம் போகும் வழியில் உள்ள எண்களை ஒரு வாரம் குறித்துவந்து, அதில் பாதுகாப்பாக இறங்கிப் பார்க்கக்கூடிய ஒன்றைப் பெரியவர் துணையோடு ஞாயிற்றுக்கிழமை அளக்கலாம். டேப், தூக்குக்குண்டு, இங்க் விட்ட ட்யூப், தொப்பி, தண்ணீர் பாட்டில். பென்சில் கடைசியில்.